கலைந்தது லயம், கெட்டதா மனம்?

கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலோ அறுபதைக் கடந்த நான்கு பேர் தேநீர் மேசையில் சேர்ந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் ஓரிடத்தில் வந்து நிற்கும். "தோட்டத்துல இருந்தப்போ கதவைப் பூட்டுனதே இல்ல. இங்க எதுத்த வீட்டுல யார் இருக்காங்கன்னே தெரியாது. மனுசங்க மாறிட்டாங்க." தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அடுத்த வீட்டு அடுப்பும் எரியாது என்பார் ஒருவர். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும் தாய் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நிம்மதியாகப் போவாள் என்பார் இன்னொருவர். கேட்டுக்கொண்டிருக்கும் இளையவரும் மறுப்பதில்லை. அவருக்கும் அப்படித்தான் படுகிறது.

இந்தப் பேச்சில் இரண்டு முறையீடுகள் பின்னிக் கிடக்கின்றன. ஒழுக்கம் கெட்டுவிட்டது என்பது ஒன்று. நெருக்கம் போய்விட்டது என்பது மற்றொன்று. உளவியலும் சமூகவியலும் இவ்விரண்டுக்கும் ஒரே விடை தரவில்லை. முதல் முறையீட்டுக்கு ஆதாரம் மிக மெலிது. இரண்டாவதற்கு ஆதாரம் உண்டு. ஆனால் அதன் காரணத்தை மனித மனத்தில் தேடுவதைவிட, மனிதர் வாழும் இடத்திலும் அவர்களுக்கு மிஞ்சும் நேரத்திலும் தேடுவதே பலன் தரும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளும் சமூகம், சரிசெய்யக்கூடிய ஒன்றை விட்டுவிட்டு இளைய தலைமுறையைத் திட்டுவதோடு நின்றுவிடுகிறது.

எல்லா ஊரிலும் அதே புலம்பல்

2023 ஜூனில் 'நேச்சர்' இதழில் ஆடம் மாஸ்ட்ரோயானி, டேனியல் கில்பர்ட் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டார்கள். 1949 தொடங்கி நடந்த கருத்துக்கணிப்புகளைத் திரட்டி, குறைந்தது 60 நாடுகளின் மக்கள் ஒழுக்கத்தைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று பார்த்தார்கள். ஏறக்குறைய எல்லா நாட்டிலும் பெரும்பான்மையினர் சொன்னது ஒன்றே: மனிதர்கள் முன்னைவிடக் கெட்டுவிட்டார்கள். 70 ஆண்டுகளுக்கு முன்பு கேட்டபோதும் இதே விடைதான். அண்மையில் கேட்டபோதும் இதே விடைதான்.

அடுத்து அவர்கள் இன்னொரு வகைக் கேள்விகளைத் தேடினார்கள். 'நேற்று முழுவதும் உங்களை மரியாதையாக நடத்தினார்களா?', 'அண்மையில் முன்பின் தெரியாத ஒருவருக்கு உதவினீர்களா?' என்பன போன்றவை. இவை அபிப்பிராயத்தைக் கேட்பதில்லை; நடந்ததைக் கேட்கின்றன. ஒழுக்கம் உண்மையிலேயே ஆண்டுக்கு ஆண்டு சரிந்திருந்தால் 1965 முதல் 2020 வரை இவற்றுக்கான விடைகளும் சரிந்திருக்க வேண்டும். சரியவில்லை. 40 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் விடைகளில் சொல்லத்தக்க மாற்றமே இல்லை.

அந்த ஆய்வில் எல்லாவற்றையும்விடச் சிந்திக்க வைப்பது வேறொரு முடிவு. மனிதர்கள் எப்போதிலிருந்து கெட ஆரம்பித்தார்கள் என்று அமெரிக்கர்களைக் கேட்டபோது, ஒவ்வொருவரும் ஏறத்தாழத் தாம் பிறந்த காலத்தைத்தான் சுட்டினார்கள். தாம் பிறப்பதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பும் 40 ஆண்டுகளுக்கு முன்பும் உலகம் ஒரே சீராக நன்றாக இருந்ததாம். அவர்கள் வந்த பிறகுதான் சரிந்ததாம். தமக்கு நேரில் தெரிந்தவர்களைப் பற்றிக் கேட்டபோதோ, அவர்கள் காலப்போக்கில் மேம்பட்டிருப்பதாகவே சொன்னார்கள். கெட்டவர்கள் எப்போதும் தெரியாத ஊரார்தான்.

இதற்கு ஆய்வாளர்கள் தரும் விளக்கம் இரண்டு பாகம் கொண்டது. மனித மூளை தீங்கான செய்தியை விரைவாகக் கவனிக்கும். அதனால் நிகழ்காலம் கெட்டதாகத் தெரிகிறது. நினைவோ கசப்பின் கூர்மையை இனிப்பின் சுவையைவிட வேகமாக மங்கச் செய்யும். அதனால் கடந்தகாலம் நல்லதாகத் தெரிகிறது. இரண்டும் சேர்ந்தால், எதுவும் மாறாத உலகத்திலும் சரிவு தெரியும். இன்றைய கைப்பேசி முதல் பாகத்துக்கு எண்ணெய் ஊற்றுகிறது. 1 லட்சத்துக்கும் மேற்பட்ட செய்தித் தலைப்பு வடிவங்களை அலசி 2023-இல் வெளிவந்த ஆய்வொன்று, தலைப்பில் எதிர்மறைச் சொல் ஒன்று கூடினால் சொடுக்குகள் 2.3 விழுக்காடு கூடுவதைக் காட்டியது. கிள்ளானில் ஒரு பெண்ணின் சங்கிலி பறிபோன காணொளி, மதியத்துக்குள் செந்துல், பூச்சோங், காஜாங் என்று எல்லாக் குடும்பப் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களையும் சுற்றி வந்துவிடும். அதே நாளில் பத்திரமாக வீடு திரும்பிய லட்சக்கணக்கானவர்களுக்குக் காணொளி கிடையாது.

1941 கிள்ளான் கேட்ட கோரிக்கைகள்

நினைவைச் சோதிக்க ஆவணத்தைவிட நல்ல கருவி இல்லை. கிள்ளான் வட்டாரத்துக்கு அப்படியோர் ஆவணம் இருக்கிறது. 1941-இன் முற்பாதியில் இங்கிருந்த ரப்பர் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் தொடர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பத்திரிகையாளர் ஆர். எச். நாதனும் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கமும் முன்னின்றார்கள். கூலி உயர்வு ஒரு கோரிக்கை மட்டுமே. தோட்ட மேலாளரான துரையோ அலுவலகக் கணக்கரான கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டிய வழக்கம் ஒழிய வேண்டும் என்று கேட்டார்கள். தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள். பெண் தொழிலாளர்களிடம் மேலதிகாரிகள் முறைகேடாக நடப்பதை நிறுத்தச் சொன்னார்கள். பிள்ளைகளுக்கு நல்ல பள்ளி கேட்டார்கள். உறவினரும் நண்பர்களும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோகும் உரிமை கேட்டார்கள்.

நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். துருப்புகள் வந்தன, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள்.

ஒவ்வொரு கோரிக்கையும் ஒரு குறையின் பதிவு. சொந்தக்காரரைப் பார்க்க அனுமதி கேட்க வேண்டியிருந்த காலத்தை நெருக்கத்தின் பொற்காலம் என்று சொல்லத் தயக்கம் வர வேண்டும். குடும்பத்துக்குள்ளும் நிலைமை அப்படியே. மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவருக்கு ஒருவனுக்கு ஒருத்தி என்பதைச் சட்டமாக்கிய திருமணச் சட்டம் 1976-இல் இயற்றப்பட்டு, 1982 மார்ச் 1 முதல்தான் நடப்புக்கு வந்தது. அதற்கு முன் இந்து ஆண் இரண்டாம் மனைவியைக் கட்டிக்கொண்டால் சட்டம் தடுக்கவில்லை. குடும்ப வன்முறைச் சட்டம் இயற்றப்பட்டது 1994-இல். ஒரு மெல்லிய பலகைச் சுவருக்கு அப்பால் அடி விழும் சத்தம் கேட்டும், 'புருசன் பொண்டாட்டி சண்டை' என்று ஊரே திரும்பிப் படுத்துக்கொண்ட காலமும் அந்தக் கதவு பூட்டாத காலம்தான். இன்று அதே சத்தம் கேட்டால் காவல்நிலையத்துக்குச் சொல்வது கடமை என்ற எண்ணம் பரவியிருக்கிறது. ஒழுக்க உணர்வு கூர்மை அடைந்ததற்கு இதுவும் ஒரு சான்று.

அப்படியானால் பூட்டாத கதவு பொய்யா? பொய்யில்லை. அதை வேறு விதமாகப் படிக்க வேண்டும். ஜப்பானிய சமூக உளவியலாளர் தோஷியோ யமாகிஷி 1994-இல் ஒரு முக்கியமான பாகுபாட்டை வைத்தார். எல்லாரும் எல்லாரையும் அறிந்த மூடிய வட்டத்தில் ஒருவர் திருடாமல் இருப்பதற்கு அவருடைய குணம் மட்டும் காரணமில்லை. திருடினால் தப்பிக்க வழியில்லை என்பதும் காரணம். அதை அவர் 'உறுதி' என்றார். முன்பின் தெரியாதவரிடமும் நல்லெண்ணம் இருக்கும் என்று எதிர்பார்ப்பதே 'நம்பிக்கை'. லயத்துக்கு உறுதி போதுமானதாக இருந்தது. வேலை போனால் வீடும் போகும். எடுத்த பொருளை ஒளிக்க இடமில்லை. ஒவ்வொரு வாசலிலும் ஒரு கண் இருந்தது. நகரத்தில் அந்த உறுதி கிடைக்காது. அங்கே வேண்டியது நம்பிக்கை.

அந்த நம்பிக்கைக்கு இடமிருக்கிறதா என்பதை ஆலன் கோன் தலைமையிலான குழு நேரடியாகவே சோதித்தது. மலேசியா, இந்தியா உள்ளிட்ட 40 நாடுகளின் 355 நகரங்களில், வங்கி, தங்குவிடுதி, அஞ்சலகம் போன்ற இடங்களின் வரவேற்பு மேசைகளில் 17,000-க்கும் மேற்பட்ட பணப்பைகளை 'கீழே கிடந்தது' என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். சிலவற்றில் பணம் இருந்தது, சிலவற்றில் இல்லை. பணம் இருந்தால் திரும்பி வராது என்றுதான் பொதுமக்கள் கணித்தார்கள். 2019-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த முடிவு நேர்மாறாக இருந்தது. 38 நாடுகளில், பணம் இருந்த பைகளே அதிகமாக உரியவரைத் தேடி வந்தன. பிறருக்கு இழப்பு நேரும் என்று தெரிந்தபோது கூடுதல் பேர் சிரமம் எடுத்துக்கொண்டார்கள்.

மலேசியக் காவல்துறையின் குற்றக் குறியீட்டுப் பதிவுகளும் இதே திசையைக் காட்டுகின்றன. 2008-இல் 2 லட்சத்தைத் தாண்டியிருந்த எண்ணிக்கை 2022-இல் ஏறத்தாழ 50 ஆயிரமாகக் குறைந்திருந்தது. புகார் செய்யப்படாத குற்றங்கள் இதில் வாரா. தொலைபேசியிலும் இணையத்திலும் நடக்கும் மோசடி தனிக் கணக்கு, அது வளர்ந்திருக்கிறது. அவற்றை மனத்தில் கொண்டு பார்த்தாலும் தெருவில் எல்லாம் தலைகீழாகிவிட்டது என்ற முடிவுக்கு இந்த எண்கள் இடம் தரவில்லை.

குழாயடியின் கணக்கு

நெருக்கத்தின் கதை வேறு. அது உண்மையிலேயே குறைந்திருக்கிறது. ஏன் குறைந்தது என்பதை 1950-லேயே மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். லியோன் ஃபெஸ்டிங்கர், ஸ்டான்லி ஷாக்டர், கர்ட் பாக் ஆகியோர் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் குடும்பக் குடியிருப்பில் யார் யாருக்கு நண்பர் என்று கேட்டுக் குறித்தார்கள். அடுத்த கதவில் இருந்தவரை நண்பர் என்று சொன்னவர்கள் 41 விழுக்காடு. இரண்டு கதவு தள்ளி இருந்தவரை 22 விழுக்காடு. தாழ்வாரத்தின் மறுகோடியில் இருந்தவரை 10 விழுக்காடு. மாடிப்படிக்கும் அஞ்சல் பெட்டிக்கும் அருகில் குடியிருந்தவர்களுக்கு நண்பர்கள் கூடுதல். குணம், கொள்கை எல்லாவற்றையும் முந்திக்கொண்டு நின்றது, ஒரு நாளில் எத்தனை முறை எதிர்ப்படுகிறோம் என்பதே.

லயம் இந்த விதியின் உச்சம். வரிசை வீடுகள், பொதுக் குழாய், பெரட்டுக்களம், பால் கொட்டகை, ஆயாக்கொட்டகை, மாரியம்மன் கோயில். ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஒரு நாளைக் கழிக்கவே முடியாது. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே ஊழியர்களுக்காக 1905-இல் எழுந்த நூறு குவார்ட்டர்ஸ் வீடுகளும் அத்தகையவையே: ஈரடுக்கு வரிசைகள், நடுவே சந்து, சந்தில் விளையாடும் பிள்ளைகள், எல்லாருக்கும் ஒரே பணிமனை நேரம்.

இவை எதுவும் மனிதர்கள் கெட்டதால் மறையவில்லை. பெரிய தோட்டங்களைச் சிறு துண்டுகளாக விற்கும் தோட்டத் துண்டாடல் 1950-களின் இறுதியிலேயே தொடங்கிவிட்டது. பின்னர் நகரம் தோட்டங்களுக்குள் நடந்து வந்தது. சீஃபீல்டு தோட்டம் 1970-களில் சுபாங் ஜெயாவாக மாறத் தொடங்கியது. எஃபிங்ஹாம் தோட்டம் பண்டார் உத்தாமாவானது. ரயில்வே நிலத்தில் 2001-இல் கே.எல். சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. நூறு குவார்ட்டர்ஸும் இடிக்கப்பட்டது. ஒரே லயத்தில் இருந்தவர்கள் சிலர் ஷா ஆலாமுக்கும், சிலர் பூச்சோங்குக்கும், சிலர் மலிவுவிலை அடுக்குமாடிக்கும் சிதறினார்கள். பதினாறாவது மாடியில் மின்தூக்கிக் கதவு திறந்து மூடும் நேரமே அண்டை வீட்டாரோடு கிடைக்கும் நேரம்.

நேரத்தையும் அளந்திருக்கிறார்கள். கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால், புது ஊருக்குக் குடிபெயர்ந்தவர்களையும் புதிய மாணவர்களையும் ஆராய்ந்தார். அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரம் சேர்ந்திருக்க வேண்டும். நண்பராக 90 மணி. உற்ற நண்பராக 200 மணிக்கு மேல். வேலையிடத்தில் சேர்ந்திருந்த மணிகள் இதற்கு அவ்வளவாக உதவவில்லை. வேலைக்கு வெளியே பேசிச் சிரித்துக் கழித்த மணிகளே உதவின. குழாயடியில் தினமும் அரை மணி நேரம் நின்ற இரு பெண்கள் 200 மணியைச் சற்றொப்ப 13 மாதத்தில் தாண்டிவிடுவார்கள். மாதம் ஒரு மணி நேரம் மட்டும் சந்திக்கும் இரு பெண்களுக்கு அதே 200 மணி சேர 16 ஆண்டுக்கு மேல் ஆகும். அவர்களின் மனத்தில் எந்தக் குறையும் வேண்டியதில்லை. கூட்டல் கணக்கே போதும்.

கிள்ளானில் வீடு, கோலாலம்பூரில் வேலை என்றிருப்பவரின் மாலைப்பொழுதைக் கூட்டரசு நெடுஞ்சாலை எடுத்துக்கொள்கிறது. ராபர்ட் புட்னம் 2000-இல் வெளியிட்ட நூலில், அன்றாடப் பயணத்தில் கூடும் ஒவ்வொரு 10 நிமிடத்துக்கும் சமூக ஈடுபாடு 10 விழுக்காடு குறைகிறது என்று கணித்தார். சங்கக் கூட்டத்துக்கு ஆள் வராததற்குப் 'பொதுநல எண்ணம் செத்துவிட்டது' என்று தலைவர் காரணம் சொல்வார். அந்த நேரத்தில் உறுப்பினர் பாதிப் பேர் சாலை நெரிசலில் நின்றுகொண்டிருப்பார்கள்.

இழப்பு சிறியதன்று. உறவுகளுக்கும் உயிருக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய 148 ஆய்வுகளை ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் 2010-இல் தொகுத்தார். 3 லட்சத்துக்கும் மேற்பட்டோரில், உறுதியான உறவுகள் உள்ளவர்கள் உயிரோடிருக்கும் வாய்ப்பு 50 விழுக்காடு கூடுதலாக இருந்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2025-இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறில் ஒருவர் தனிமையால் வாடுகிறார் என்கிறது. வேரோடு பெயர்க்கப்பட்ட சமூகம் வேறு விதத்திலும் அடிபடுகிறது. 1997-இல் ராபர்ட் சாம்ப்சன் குழு சிகாகோவின் 343 வட்டாரங்களை ஆராய்ந்து, அண்டை வீட்டார் ஒருவரை ஒருவர் நம்பி, தெருப் பிள்ளைகளைத் தட்டிக் கேட்கத் தயாராக இருக்கும் இடங்களில் வன்முறை குறைவு என்று கண்டது. குடும்பங்கள் அடிக்கடி இடம் மாறும் வட்டாரங்களிலும் வறுமை குவிந்த வட்டாரங்களிலும் அந்தத் தயார்நிலை மெலிந்திருந்தது. தோட்டத்திலிருந்து துரத்தப்பட்டு, புறம்போக்குக் குடிசையிலும் நெரிசல் அடுக்கிலும் ஒதுங்கிய குடும்பங்களின் பிள்ளைகள் சிலர் குண்டர் கும்பல்களிடம் சிக்கியதை இந்தக் கண் கொண்டு பார்க்க வேண்டும். அவர்களை 'கெட்டுப்போன தலைமுறை' என்று ஒதுக்குவது, நடந்த அநியாயத்தின் பழியை அதற்குப் பலியானவர் தலையிலேயே கட்டுவதாகும்.

வெள்ளைக் கொடியும் வெள்ளமும்

மனம் வற்றிவிடவில்லை என்பதற்குக் கிள்ளான் பள்ளத்தாக்கு 2021-இல் இருமுறை சாட்சி சொன்னது. பெருந்தொற்றுக் கால நடமாட்டக் கட்டுப்பாட்டில் வருமானம் நின்றுபோன அந்த ஆண்டின் நடுப்பகுதியில், உதவி வேண்டுவோர் வீட்டு வாசலில் வெள்ளைத் துணி கட்டலாம் என்ற 'பெண்டேரா பூத்தே' இயக்கம் நாடெங்கும் பரவியது. கொடியைக் கண்டவர்கள் அரிசியும் பருப்பும் முட்டையும் கொண்டுவந்து வைத்தார்கள். பெயர் கேட்கவில்லை, இனம் கேட்கவில்லை. டிசம்பர் 18 அன்று பெருமழையில் ஷா ஆலாமின் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியபோது, அரசு உதவி வந்து சேருவதற்குள் சொந்தப் படகும் ரப்பர் மிதவையுமாகத் தன்னார்வலர்கள் நீருக்குள் இறங்கினார்கள். பெட்டாலிங் ஜெயா குருத்துவாராவில் பல இனத்தவரும் சேர்ந்து சமைத்த உணவு வெள்ளப் பகுதிகளுக்குப் போயிற்று.

பேரிடர் இல்லாத நாளிலும் இது நடக்கிறது. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிரிக்பீல்ட்ஸில் இயங்குவதால், வெண்கோலுடன் நடப்பவர்கள் அங்கே அன்றாடக் காட்சி. அவர்கள் சாலையோரம் நின்றால் யாரோ ஒருவர் முழங்கையைக் கொடுத்துக் கடக்க வைக்கிறார். மறுபக்கம் போனதும் இருவரும் பிரிந்துவிடுகிறார்கள். லயத்தில் இல்லாத ஒழுக்கம் இது: இனி ஒருபோதும் சந்திக்காத ஒருவருக்காகச் செய்வது.

தெரியாதவரிடம் பேசத் தோன்றும் தயக்கத்தைப் பற்றியும் ஓர் ஆய்வு உண்டு. நிக்கோலஸ் எப்லியும் ஜூலியானா ஷ்ரோடரும் சிகாகோ ரயில் பயணிகளில் சிலரைப் பக்கத்து இருக்கைக்காரரிடம் பேச்சுக் கொடுக்கச் சொன்னார்கள். பேசினால் பயணம் கெடும் என்று பலரும் கணித்திருந்தார்கள். பேசியவர்களோ, மௌனமாக வந்தவர்களைவிட இன்பமாகப் பயணம் செய்ததாகச் சொன்னார்கள். 2014-இல் வெளியான அந்த முடிவு காட்டுவது, பக்கத்தில் இருப்பவருக்கும் பேச விருப்பம் உண்டு என்பதை ஒவ்வொருவரும் குறைத்து மதிப்பிடுகிறார் என்பதே. எதிர் வீட்டுக் கதவைத் தட்டத் தயங்குபவருக்கும் இது பொருந்தும்.

கலைந்த இடத்துக்கு மாற்று இடம் கட்ட முடியும் என்பதைத் தோட்டத் தமிழர்களே முன்பு காட்டியிருக்கிறார்கள். துண்டாடலில் வேலையும் வீடும் பறிபோனபோது, 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தலைமையில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. பால்மரம் வெட்டியவர்களின் சிறு சேமிப்பைக் கொண்டு அது தோட்டங்களை வாங்கியது. ஒழுக்கம் கெட்டதென்று வருந்தி உட்காராமல், சேர்ந்து வாழ நிலம் தேடினார்கள். 2014-இல் பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தர் ஆசிரமத்தை ஒட்டி அடுக்குமாடிக் கட்டடம் வரப்போகிறது என்றபோதும் எதிர்ப்பு திரண்டது. 1904-இல் தொடங்கிய அந்த ஆசிரமம் 2016-இல் மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

இன்றைய தேவையும் அதே வகைதான். புதிய அடுக்குமாடி வரைபடம் ஊராட்சி மன்றத்துக்கு வரும்போது, வாகன நிறுத்துமிடத்தின் எண்ணிக்கையைக் கேட்பதுபோல, குடியிருப்பவர்கள் நாளும் எதிர்ப்படும் பொது இடம் எங்கே என்றும் கேட்க வேண்டும். தமிழ்ப்பள்ளியின் மண்டபமும் கோயிலின் அன்னதானக் கூடமும் விழா நாளுக்கு மட்டும் திறக்காமல், வாரம் ஒரு மாலையாவது பொதுப் பயனுக்குத் திறந்திருக்கலாம். வாரம் இரண்டு மணி நேரம் அங்கே ஒன்றாக உட்காரும் இருவர், ஹாலின் கணக்குப்படி இரண்டு ஆண்டுக்குள் உற்ற நண்பராகும் வாய்ப்பைப் பெறுகிறார்கள்.